பெயரில்லாத பணத்துக்கு ஒரு பெயர்

துபாயில் இருக்கும் மகனுக்கு, சாங்வியிலிருந்து அப்பா எழுதுவது.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். யாரையும் உட்கார வைத்துச் சொல்லி எழுத வைக்கவில்லை. மேலே இருக்கும் அந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போய்விட்டது. எழுந்து நின்று, தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். வரி நேராகத்தான் போயிருந்தது. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஐந்தாம் வகுப்பு வரை போனவள், அந்தத் திமிர் இன்னும் இருக்கிறது. "எழுத்து எல்லாம் சம்மணம் போட்டு உக்காந்த மாதிரி இருக்கு. எந்திச்சி நிக்கச் சொல்லுங்க" என்றாள். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அறுபத்தெட்டு வயதில் எனக்குக் கிடைத்திருக்கும் இந்தச் சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தோடுதான் உன்னைத் திட்டவும் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று மாதமாக நீ என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கிறாய். உன் முதல் குரல் செய்தி இன்னும் போனில் இருக்கிறது. "அப்பா, டென்ஷன் எடுக்காதீங்க. கெளம்புறப்போ ஒரு பேப்பர் கொடுத்தேன்ல, பன்னெண்டு வார்த்தை எழுதினது, அத ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அம்மாகிட்ட சொன்னா எடுத்துத் தருவாங்க. யார்கிட்டயும் காட்டாதீங்க. உங்களுக்கு அது புரியாது, நான் அப்புறம் சொல்றேன்." பேப்பர் கிடைக்கவில்லை, தேடுகிறேன் என்று உனக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். அது பொய். பேப்பர் அரிசி டப்பாவில் பத்திரமாக இருந்தது. அதை நான் உனக்கு அனுப்ப மாட்டேன். ஏன் அனுப்ப மாட்டேன் என்பதை எழுதத்தான் இத்தனை தாள்.

இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. தமிழ்ச் சங்கத்து மலரில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். நம்மை நம்பிப் பணம் போட்ட ஒன்பது குடும்பமும் இதை அறியட்டும். அதில் உள்ள மராட்டிக்காரர்களுக்கு யாராவது மாற்றிச் சொல்வார்கள். உனக்கும் ஒரு பிரதி வரும். நீ இந்த மராட்டி ஊரிலேயே பிறந்து இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன், தமிழ் உனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல். எதிரில் உட்கார்ந்து, அவன் சரியாக வாசிக்கிறானா, நடுவில் எதையாவது விழுங்குகிறானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டுப்பார். என் ஆயுள் முழுக்க நான் அப்படித்தான் கேட்டேன். உனக்கும் அது ஒரு தடவை கிடைக்கட்டும்.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது உன் மதிப்பெண் அட்டையை நீயே எனக்கு வாசித்துக் காட்டினாய். "எல்லாம் நல்லா இருக்குன்னு டீச்சர் எழுதியிருக்காங்கப்பா" என்றாய். நான் கட்டைவிரலை உருட்டி வைத்தேன். பத்து நாள் கழித்துப் பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள், அதில் எழுதியிருந்தது நீ அடிக்கடி வகுப்புக்கு வருவதில்லை என்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் சிரித்தேன். என்ன மூளைடா இவனுக்கு என்று ஷிப்டில் இருந்த ஆட்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அன்று உன்னை உட்கார வைத்து, படிக்கத் தெரியாத ஆளிடம் இப்படிச் செய்யலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் தவறுகளில் முதல் தவறு அதுதான் என்று வைத்துக்கொள்.

நீ துபாய்க்குக் கிளம்பிய அன்று காலை உன் விமான் நகர் ஆபீஸ் நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் எதிரில்தான் அந்தப் பேப்பரை மடித்து என் கையில் கொடுத்தாய். அவன் உன்னிடம் ஏதோ கேட்டான். நீ இந்தியில் சொன்னாய், இதைவிடப் பாதுகாப்பான லாக்கர் எந்த பேங்கிலும் கிடையாது, இவருக்கு எழுத்தே தெரியாது என்று. எனக்கு எழுத்துதான் தெரியாது, முப்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் இந்தி பேசித்தான் சோறு தின்றேன் என்பதை மறந்துவிட்டாய். அவன் சிரித்தான், நீயும் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன் பார், அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. என்னை நம்பி ஒரு பொருளைக் கொடுத்தாய் என்றுதான் நினைத்தேன். என் அறியாமையை நம்பிக் கொடுத்திருக்கிறாய்.

அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதை உனக்கு நினைவுபடுத்த வேண்டும். ரஞ்சன்காவ் ஃபாக்டரியில் நான் சுமை ஏற்றும் ஆட்களுக்கு முகாதமாக, அதாவது கூட்டத்துக்கு மூத்தவனாக இருந்தவன். படிக்காத முகாதமுக்கு முதலீடு ஒன்றே ஒன்றுதான், அவன் வாய்ச்சொல். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஒன்பது பேரையும் நம் வீட்டுக்கு வரச் சொன்னாய். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினாய். கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் கிரிப்டோ காசு இது, இதற்கு பேங்க் கிடையாது, சர்க்கார் கிடையாது, யார் பேரும் கிடையாது, யாரும் தடுக்க முடியாது என்றாய். எல்லோரும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாருதி மட்டும் கையைத் தூக்கினான். என்னோடு இருபது வருஷம் பெட்டி தூக்கிய மாருதி. "பேர் இல்லேன்னா, நாளைக்குத் தொலைஞ்சு போனா யாரைப் போய்க் கேக்கறது பேட்டா?" என்றான்.

அந்த அறையில் அன்று கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது. நீ பதில் சொல்லியிருக்க வேண்டும். உன்னைச் சொல்ல விடாமல் நான் குறுக்கே விழுந்தேன். "ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்? என் பையன் மேல உனக்குச் சந்தேகமா?" என்றேன், எட்டுப் பேர் எதிரில். மாருதி தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் மகளின் நர்சிங் படிப்புக்காக வைத்திருந்த பணத்தைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். சீட்டு, பத்திரம் எதுவும் கேட்கவில்லை. அவன் உனக்குக் கொடுக்கவில்லை, எனக்குக் கொடுத்தான். நான் அவனை வெட்கப்படுத்தி வாங்கினேன். இது இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது.

மாருதியின் இடது காலில் இரண்டு விரல் இல்லாததை நீ பார்த்திருப்பாய். அது எப்படிப் போனது என்று உனக்கு நான் சொன்னதில்லை. லாரியில் ஏற்றிய பெட்டி அடுக்கு ஒன்று சரிந்து அவன் பாதத்தில் விழுந்தது. அடியில் சாய்வாக வைத்துவிட்டு அதன் மேலேயே அடுக்கிக்கொண்டு போயிருக்கிறான் எவனோ. யார் அடுக்கியது என்று நான் கேட்டேன். கூட்டத்தில் இருந்த இருபத்தெட்டுப் பேரும் அடுத்தவன் முகத்தைப் பார்த்தார்கள். பெட்டியில் பெயரா எழுதியிருக்கிறது? எழுதினாலும் எங்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. அந்த வாரமே நாங்கள் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். ஒவ்வொருவனும் தான் அடுக்கும் வரிசையில் அடிப்பெட்டியில் சாக்பீஸால் தன் அடையாளத்தைப் போட வேண்டும். ஒருவன் மீன் போட்டான், ஒருவன் அரிவாள், நான் குடை. கம்பெனி எங்களிடம் இதைக் கேட்கவில்லை. அதனால் யாருக்கும் கூலி கூடவில்லை, வேலைதான் கூடியது. முறைத்தவர்களும் இருந்தார்கள். "நாம என்ன திருடனா, அடையாளம் போட்டுக்கிட்டுத் திரிய?" என்று சத்தம் போட்டார்கள். ஒரு மாதம் கவனித்தேன். சத்தம் போட்டவர்கள் அத்தனை பேரும் பெட்டியைக் கோணலாக வைக்கிறவர்கள். அந்த வழக்கத்துக்குப் பிறகும் பெட்டிகள் விழத்தான் செய்தன. ஆனால் விழுந்த உடனே, கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சட்டம்.

நீ என்ன செய்தாய்? சர்க்கார் இந்தக் காசுக்கு வரி போட்டது. காசு வாங்கி விற்கும் கடைகள் பதிவு செய்ய வேண்டும், ஆதார், பான் காட்டாத ஆளோடு வியாபாரம் செய்யக்கூடாது என்றது. முழுச் சட்டம் இன்னும் வரவில்லை என்கிறார்கள். வந்த கொஞ்சத்துக்கே உனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கோட்டு போட்டவங்க நம்ம பணத்துல பங்கு கேக்கறாங்க அங்கிள்" என்று அதே ஒன்பது பேரிடமும் சொல்லி, எல்லாவற்றையும் பதிவான இடத்திலிருந்து எடுத்து, பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னக் கருவிக்குள் போட்டாய். எங்கள் ஃபாக்டரியில் முறைத்தார்களே, அவர்கள் குரல் மாதிரியே இருந்தது உன் குரல். அன்றே எனக்குக் காதில் உறைத்திருக்க வேண்டும். மகன் குரல் என்றால் காது கொஞ்சம் மந்தமாகிவிடுகிறது.

நீ போன இரண்டாம் மாதம் மாருதி வந்தான். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, கட்டணம் கட்ட வேண்டும், போட்டதில் கொஞ்சம் எடுத்துத் தரச் சொல் என்றான். உனக்குப் போன் செய்தேன். இப்போது விலை இறங்கியிருக்கிறது, பொறுக்கச் சொல்லுங்கள் என்றாய். அடுத்த மாதமும் அதையே சொன்னாய். பிறகு என் போனை எடுப்பதை நிறுத்தினாய். மாருதி என்னைத் திட்டவில்லை. வருவான், டீ குடிப்பான், "பையன் பேசினானா அண்ணா?" என்று கேட்பான், போய்விடுவான். அந்தக் கேள்வி காதில் விழுவதைவிட இரண்டு மூட்டை சேர்த்துத் தூக்கியிருக்கலாம்.

ஒரு நாள் மனசு பொறுக்காமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். கம்ப்யூட்டர் மோசடிகளைப் பார்க்கும் மேஜையில் ஓர் இளவயது அதிகாரி இருந்தார். மரியாதையான ஆள், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பணம் யார் பெயரில் இருக்கிறது என்றார். யார் பெயரிலும் இல்லை என்றேன். எங்கே இருக்கிறது? தெரியாது. யார் எடுத்துப் போனார்கள்? யாரும் எடுத்துப் போகவில்லை, ஒரு கருவிக்குள் இருக்கிறது, கருவி என் மகனிடம் இருக்கிறது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மக் மீ கோணாலா பகடூ, காகா?" என்றார். அப்படியானால் நான் யாரைப் பிடிப்பது, பெரியவரே என்று அர்த்தம். கிண்டலாகக் கேட்கவில்லை, பாவம், நிஜமாகவே கேட்டார். இருந்தாலும் ஒரு மனு எழுதிக் கொடுங்கள் என்று தாளை நகர்த்தினார். நான் கட்டைவிரலைக் காட்டினேன். மேஜை இழுப்பறையை எல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டு, "இங்க் பேட் இல்லியே காகா, இப்பல்லாம் யார் வைக்கறாங்க?" என்றார். விரலை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றேன். அடுத்த நாள் படிக்கச் சேர்ந்தேன்.

கமலா டீச்சர் உண்மையில் டீச்சர் அல்ல, பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டு ஹாலில் மத்தியானம் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார். மாணவர்கள் மூன்று பேர். நான், அடுக்குமாடி சொசைட்டி வாட்ச்மேன் ஒருவர், வீடுகளில் சமைக்கும் ஒரு அம்மாள். எனக்கு முதலில் பிடிபட்ட எழுத்து 'ப'. ஒரு பெட்டியின் மேல் மூடியைக் கழற்றிய மாதிரி இருந்தது, அதனால் சீக்கிரம் பழகிவிட்டது. தமிழ் ஓடத் தொடங்கியதும் டீச்சர் இங்கிலீஷ் பெரிய எழுத்தையும் சொல்லித் தந்தார். இருபத்தாறுதானே, தமிழை முடித்தவனுக்கு அது வெற்றிலை பாக்கு. அதிலிருந்து நான் எதையும் விடுவதில்லை. மாத்திரை அட்டை, கேஸ் சிலிண்டர், பஸ்ஸின் நெற்றி. உன் அம்மா பக்கத்து வீட்டில் புலம்புகிறாள்: "இந்த மனுசன் உப்புப் பாக்கெட்டக்கூட விடமாட்டேங்காரு. முழுசா வாசிச்சிட்டுத்தான் கிழிக்காரு. அதுவரைக்கும் குழம்பு உப்பில்லாமக் கொதிக்கி."

அப்போதுதான் அரிசி டப்பாவில் நீ கொடுத்த பேப்பர் இருப்பது நினைவுக்கு வந்தது. அதுவும் பெரிய எழுத்து. வாசிப்பதற்கு இவ்வளவு நல்ல சாமான் வீட்டிலேயே இருக்கிறதே என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். "இன்னைக்கு நான் வீட்லேருந்து பாடம் கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று சத்தமாக ஆரம்பித்தேன். "ஆனியன். லேடர். அங்கிள்." வாட்ச்மேன் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, வெங்காயம், ஏணி, மாமா! மாமா ஏணி போட்டு வெங்காயம் திருடப் போறாரா?" என்றார். நானும் சிரித்துக்கொண்டு நான்காவது சொல்லுக்கு வாயைத் திறந்தேன். டீச்சர் எழுந்து ஓடிவந்து பேப்பர் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டார். "அண்ணா, நிறுத்துங்க. மேல படிக்காதீங்க. இத யார் கொடுத்தா உங்களுக்கு?"

பன்னிரண்டு சொல் என்றால் என்ன என்று அன்று அவர்தான் விளக்கினார். அந்தக் கருவி உடைந்தாலும் தொலைந்தாலும், இந்தச் சொற்களை வரிசையாகச் சொல்கிறவன் கையில் பணம் போய்விடும். அவன் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். முகம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், கட்டைவிரலும் வேண்டாம். "பேங்க்ல உங்க பணத்தை ஒருத்தன் எடுத்துட்டா, எங்கிட்ட வந்து சண்டை போடலாம், மேல புகார் கொடுக்கலாம். இதுல சண்டை போடறதுக்குக்கூட ஆள் கிடையாது அண்ணா" என்றார். வாட்ச்மேன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "நான் மாமாவோட நிறுத்திட்டேன் டீச்சர், சத்தியமா ஏணிகூட மறந்துபோச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வீட்டுப் பணத்தை நான் படித்த பெருமையில் தெருவில் இறைத்திருப்பேன். இது மூன்றாவது தவறு. நூலிழையில் தப்பியது.

அதற்குப் பிறகுதான் உன் குரல் செய்தி வந்தது. கருவியில் ரகசிய எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்தி அது தன்னைத்தானே அழித்துக்கொண்டது என்பதை உன் வாயிலிருந்து பிடுங்க எனக்கு நான்கு போன் தேவைப்பட்டது. நீ உன் பிரதியை எங்கோ தொலைத்துவிட்டாய். ஆக உலகத்திலேயே அந்தப் பன்னிரண்டு சொல்லும் இருந்தது நம் அரிசி டப்பாவில் மட்டும். ஐந்தாவது போனில் உன் திட்டம் முழுவதையும் சொன்னாய். "நீங்க எல்லார்கிட்டயும் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்கப்பா. யாராலயும் ப்ரூவ் பண்ண முடியாது. யார் பேரும் இல்லயே. நான் இங்க எடுத்து வேற ஒண்ணுல போடறேன், ஆறு மாசத்துல டபுள். அப்புறம் வேணா பாத்துக்கலாம்."

வேணா பாத்துக்கலாம்! மகனே, அந்த ஒரு வார்த்தையை நான் இந்தத் தாளில் எழுதும்போது பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. வேறு தாள் எடுத்தேன். பெயரில்லாத பணம் மனுஷனை என்ன செய்கிறது என்று நான் யாரிடமும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. நல்ல பிள்ளைதான் நீ. பள்ளிக்கூடத்தில் கீழே கிடந்த பர்ஸை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவன். அந்தப் பர்ஸில் ஒருவர் படம் இருந்தது, அதனால் கொடுத்தாய். இதில் யார் முகமும் இல்லை, அதனால் மாருதி உன் கண்ணுக்குத் தெரியாமல் போனான். யாரும் தடுக்க முடியாது என்று அன்று பெருமையாகச் சொன்னாயே, உன்னை யாரும் தடுக்காததுதான் உனக்கு நடந்த கேடு. ஒரு ஆள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஏன்டா இது யார் பணம் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் நீ இவ்வளவு தூரம் போயிருக்கமாட்டாய். அப்படிக் கேட்கிற ஆளைத்தான் நீ எதிரி என்கிறாய். கள்ளக்கடத்தல்காரனும் லஞ்சம் வாங்குகிறவனும் எந்தக் காசைத் தேடுகிறானோ அதே காசை நீ சுதந்திரம் என்று சொல்லி, கூலிக்காரர்கள் கையில் திணித்தாய். சுதந்திரம் எல்லாம் உனக்கு, தொலைந்தால் நஷ்டம் அவர்களுக்கு.

வீட்டிலும் சண்டை நடந்தது, அதையும் மறைக்கவில்லை. "குடுத்துத் தொலைங்க. பிள்ளை அங்க தன்னந்தனியாத் தவிக்கான்" என்றாள் உன் அம்மா. "அவுக பாடு அவுக."

"அவுகன்னு யாரச் சொல்லுத? உனக்குக் காய்ச்சல்னு மாருதி பொண்டாட்டி சாபுதானா கிச்சடி கொண்டாந்தாளே, அவளையா?"

"அதுக்காக? பெத்த பிள்ளைய விட்டுருவியளா?"

"விடல. அவன் பண்ணுத களவுக்குக் கூட நிக்கமாட்டேங்கேன்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை அவளே அரிசி டப்பாவிலிருந்து பேப்பரை எடுத்து, மாவை ஊதி, என் முன்னால் வைத்தாள். "என்னட்ட ஒண்ணும் கேக்காதிய. ஆனா அந்த நர்சிங் பிள்ளைக்குச் செய்யிறதச் செய்யுங்க" என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள். உனக்கு இது தெரிய வேண்டும்.

டீச்சர் தனக்குத் தெரிந்த ஓர் ஆடிட்டரைக் கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டு ஹாலில் ஒன்பது பேரும் உட்கார்ந்தார்கள். நடந்தது அத்தனையும், உன் திட்டத்தையும் சேர்த்து, அவர்களிடம் சொன்னேன். பிறகு ஆடிட்டர் பேசினார். சொற்களை வைத்துப் பணத்தை மீட்டுவிடலாம், ஆனால் அதைப் பதிவான ஓரிடத்துக்குக் கொண்டுவந்தால்தான் ரூபாயாக்கலாம், அங்கே ஒரு ஆள் தன் ஆதார் அட்டையையும் பான் கார்டையும் முகத்தையும் கொடுக்க வேண்டும், லாபத்துக்கு வரி கட்ட வேண்டும், நாளைக்கு டிபார்ட்மெண்டிலிருந்து கேள்வி வந்தால் அந்த ஆள்தான் பதில் சொல்ல வேண்டும், அபராதம் வந்தாலும் அவர் தலையில்தான். "யார் பேர்ல கொண்டு வரப்போறீங்க?" என்று கேட்டார். ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். வீடு வாசல் உள்ளவர்கள், நோட்டீஸ் என்றாலே பயப்படுகிறவர்கள்.

"என் பேர்ல" என்றேன்.

மாருதி நிமிர்ந்தான். "அண்ணா, வேணாம். கேஸ் வந்துடும்."

"வரட்டும். உன்ட்ட வாங்கினது நான்தானே?"

"ஜெயில்ல போட்டாங்கன்னா?"

"நீ தினமும் போஹா கொண்டு வா. உன் பொண்டாட்டி கையால பண்ணினது, நீ பண்ணினது வேண்டாம்." அப்போதுதான் அந்த ஹாலில் முதல் சிரிப்பு வந்தது.

முகத்தைக் காட்டும் வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. போன் திரையில் ஒரு வட்டம் வந்தது, அதற்குள் என் தலையை வைக்கச் சொன்னது. வலது பக்கம் திரும்பு, இடது பக்கம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு என்றது. நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காதீங்க அண்ணா, படம் ஏத்துக்காது" என்று டீச்சர் அதட்டினார். பிறகு ஒரு தாளில் என் பெயரைக் கையெழுத்தாகப் போட்டுக் காட்டச் சொன்னது. போட்டேன். என் ஆயுளில் நான் ஒரு அலுவலுக்காகப் போட்ட முதல் கையெழுத்து. மூன்று நாள், நாலு நாள் என்று இழுத்து, ஆடிட்டர் சொன்னபடியே பணம் ரூபாயாகி என் பேங்க் கணக்குக்கு வந்தது. உன் லாபம் விலை இறக்கத்திலும் வரியிலுமாகப் போய்விட்டது. அவரவர் போட்டது அவரவருக்கு ஏறக்குறையக் கிடைத்தது, காசோலையாக, பெயர் எழுதி. மாருதியின் மகள் மறுபடி இடம் வாங்கி, போன வாரம் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

ஆகவே நீ கேட்கும் பன்னிரண்டு சொல்லையும் இந்த மலரிலேயே அச்சடிக்கலாம், ஒன்றும் குறையாது. அந்தப் பெட்டி காலி. நீ துபாயில் யாரிடமாவது இதை நம்பி வாக்குக் கொடுத்திருந்தால், போய் இல்லை என்று சொல். உன் வாயால், உன் முகத்தைக் காட்டிச் சொல். அது கஷ்டமாக இருக்கும். எனக்கு மாருதியிடம் அப்படித்தான் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை தபால்காரர் மணி அடித்தார். ரிஜிஸ்டர் தபால், கையெழுத்துப் போட வேண்டும் என்றார். உறையின் மேல் என் பெயர், பெரிய எழுத்தில். எனக்கென்று வந்து, நானே பிரித்து, நானே வாசித்த முதல் கடிதம் வருமான வரி நோட்டீஸ். மத்தியானம் முழுக்க டீச்சர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவி வாசித்தேன். தெரியாத இங்கிலீஷ் சொல்லுக்கு மட்டும் அவர் அர்த்தம் சொன்னார். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, யாருடையது, என்னிடம் எப்படி வந்தது என்று கேட்டு, எழுத்தில் பதில் கொடுத்து நேரிலும் வரச் சொல்லியிருந்தார்கள். நியாயமான கேள்விகள். மாருதி அன்று கையைத் தூக்கிக் கேட்டதும் இதேதான். எனக்குப் பயமாக இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒருவர் என் பெயரைப் போட்டு என்னைக் கேள்வி கேட்கிறார், நான் எழுத்தில் பதில் சொல்லப் போகிறேன் என்பதில் பயத்துக்கு மேலே ஒரு குஷி.

பதிலை எழுத ஆடிட்டர் உதவினார். பணத்தைக் கையாண்டவர் யார் என்று வரும் இடத்தில், "குடும்பத்தில் ஒருவர்னு போட்டுக்கலாமா சார்? பையன் வேலைக்குப் பாதகம் வரக்கூடாதுல்ல?" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். உன் அம்மாவும் கதவோரத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். பெயரை மறைத்ததால் வந்ததுதானே இவ்வளவும். வேண்டாம், முழுப் பெயரையும் போடுகிறேன் என்று உன் பாஸ்போர்ட் நகலை எடுத்து வரச் சொல்லி, அதைப் பார்த்து எழுத உட்கார்ந்தேன்.

உன் பெயரை முடித்தேன். பாஸ்போர்ட்டில் அதோடு நிற்கவில்லை. ஊரில் என்றால் அப்பா பெயருக்கு ஒரு முதலெழுத்து போதும். இங்கே பள்ளியில் சேர்த்த அன்று, முதலெழுத்து செல்லாது, முழுதாக ஒரு பெயர் வேண்டும் என்று அவர்களே என் பெயரை உன் பெயருக்குப் பின்னால் சேர்த்துவிட்டார்களாம். இருபத்தைந்து வருஷமாக நீ அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறாய். எனக்கு இது தெரியாது, நான் வாசித்ததில்லை. ஆக உன் பெயரை முழுதாக எழுத வேண்டுமானால் என் பெயரையும் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினேன். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு வருமான வரி ஆபீஸில் அந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள். நான் எழுந்து நிற்பேன். பக்கத்து நாற்காலி உனக்கு.

அப்பா